மேற்கத்திய அறவியல்: சாக்ரடீஸ் முதல் பார்ஃபிட் வரை

அறவியல் மெய்யியலின் ஒரு கிளை. எது நல்லது, எது கெட்டது, எப்படி வாழ வேண்டும், பிறருக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன என்பவற்றைக் காரணம் காட்டி ஆராய்வது அதன் வேலை. சட்டம், சமயம், ஊர்வழக்கம் மூன்றும் இக்கேள்விகளுக்கு ஏற்கெனவே விடை வைத்திருக்கின்றன. அந்த விடைகளைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்கத் துணியும்போது அறவியல் பிறக்கிறது. ஐரோப்பாவில் அந்த ‘ஏன்’ எழுத்தில் தெளிவாகக் கிடைப்பது கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸிலிருந்துதான்.

பாடநூல்கள் இந்த வரலாற்றை மூன்று கட்சிகளாகப் பிரித்துக் காட்டும். நற்பண்பை முன்வைத்தவர் அரிஸ்டாட்டில், கடமையை முன்வைத்தவர் காண்ட், பயனை முன்வைத்தவர்கள் பெந்தாமும் மில்லும். தேர்வு எழுத இது போதும். ஆனால் நூல்களை வரிசையாகப் படித்தால் இந்தக் கட்சிகளைவிடப் பழைய வழக்கு ஒன்று கண்ணில் படும். ஆதாயமும் இல்லை, பிடிபடும் அச்சமும் இல்லை என்றால் ஒருவர் நேர்மையாக இருக்க வேண்டியது ஏன்? மேற்கின் பெரிய மெய்யியலாளர்களில் அநேகம் பேர் இந்த வழக்கில் வாதாடியிருக்கிறார்கள். தீர்ப்புத்தான் இன்னும் வரவில்லை.

ஏதென்ஸ்

பாரசீகப் போர்களுக்குப் பிறகு ஏதென்ஸ் கடல்வணிகத்தால் செழித்தது. பல நாட்டாரும் வந்து போனார்கள். பல நாட்டு வழக்கங்களும் தெரியவந்தன. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த கதை ஒன்று அக்காலத்து மனநிலையைக் காட்டும். பாரசீகப் பேரரசர் டேரியஸ் தம் அவையிலிருந்த கிரேக்கர்களைக் கூப்பிட்டு, இறந்துபோன தந்தையின் உடலைத் தின்ன எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டாராம். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்றார்கள். பிறகு, பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கம் கொண்டவர்களாக அவர் குறிப்பிடும் கல்லாத்தியர் என்ற இந்தியக் குடியினரை வரவழைத்து, அந்த உடலைத் தீயில் எரிக்க என்ன விலை என்று கேட்டார். அவர்கள் அலறி, அப்படிப்பட்ட பேச்சே வேண்டாம் என்றார்கள். கதை நடந்ததோ இல்லையோ, அது எழுப்பும் ஐயம் மெய்யானது. வழக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால், அறமும் வெறும் வழக்கம்தானா?

ஆம் என்ற பக்கம் சாய்ந்தவர்கள் சோபிஸ்டுகள். கட்டணம் வாங்கிக்கொண்டு இளைஞர்களுக்குப் பேச்சுக்கலை கற்பித்த ஆசிரியர்கள் இவர்கள். பேரவையிலும் நீதிமன்றத்திலும் குடிமகன் தானே எழுந்து பேசியாக வேண்டிய ஊரில் அந்தத் திறமைக்கு நல்ல கிராக்கி இருந்தது. பிளேட்டோ தம் உரையாடல்களில் அவர்களைக் கேலிக்குரியவர்களாக வரைந்ததால் அவர்கள் பெயர் கெட்டுப்போயிற்று. அது முழுக்க நியாயமல்ல. இயற்கையில் உள்ளது எது, மனிதர் ஏற்படுத்திக்கொண்டது எது என்று பிரித்துக் கேட்கும் பழக்கத்தை ஊன்றியவர்கள் அவர்களே.

சாக்ரடீஸ் (சு. கி.மு. 470–399) எதையும் எழுதவில்லை. கடைத்தெருவில் ஆட்களை நிறுத்தி வைத்து, துணிவு என்றால் என்ன, நேர்மை என்றால் என்ன என்று கேட்டு, அவர்கள் சொன்ன விடையை அவர்கள் வாயாலேயே உடைப்பார். அவர் கொள்கை கேட்க விசித்திரமாக இருக்கும்: நல்லது எதுவென்று உண்மையாகவே அறிந்தவர் கெட்டதைச் செய்ய மாட்டார், தீமை செய்பவர் அறியாமையால்தான் செய்கிறார். அநியாயம் செய்வது அநியாயத்துக்கு ஆளாவதைவிட மோசமானது என்றும் சொன்னார்.

இது வெறும் பேச்சல்ல என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பதுபேர் கொண்ட கொடுங்குழு ஏதென்ஸைப் பிடித்தது. அவர்கள் சாக்ரடீஸையும் வேறு நால்வரையும் அழைத்து, சலாமிஸ் தீவுக்குப் போய் லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரும்படி உத்தரவிட்டார்கள். நால்வர் சலாமிஸுக்குப் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு குடியாட்சி திரும்பியது. அதுவும் அவரை விடவில்லை. நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்று குற்றம்சாட்டி கி.மு. 399இல் மரண தண்டனை விதித்தது. தப்பிப்போக நண்பர் கிரீட்டோ ஏற்பாடு செய்தும், சட்டத்தை மீற மாட்டேன் என்று நஞ்சைக் குடித்தார். கொடுங்குழுவின் உத்தரவை மீறியவர் குடியாட்சியின் தவறான தீர்ப்புக்கு ஏன் பணிந்தார் என்பது இன்றும் ஆய்வாளர்கள் மோதிக்கொள்ளும் இடம்.

பிளேட்டோ (சு. கி.மு. 427–347) ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் நம் வழக்கைப் பதிவு செய்கிறார். அதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த பாத்திரம் தம் சொந்த அண்ணன் கிளாக்கான். லிடியா நாட்டில் ஓர் ஆட்டிடையன். புயலும் நிலநடுக்கமும் வந்து தரை பிளக்கிறது. பிளவுக்குள் இறங்கியவன் உள்ளீடற்ற வெண்கலக் குதிரை ஒன்றையும் அதற்குள் மனித அளவை மிஞ்சிய பிணத்தையும் காண்கிறான். பிணத்தின் விரலில் தங்க மோதிரம். கழற்றிக்கொண்டு வருகிறான். ஒருநாள் இடையர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது மோதிரத்தின் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்புகிறான். அருகிலிருப்பவர்கள் அவன் எழுந்து போய்விட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். வெளிப்பக்கம் திருப்பினால் மீண்டும் தென்படுகிறான். இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டதும் அரண்மனைக்குப் போகிறான், அரசியை வசப்படுத்துகிறான், அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். அப்படியொரு மோதிரத்தை நல்லவன் கையிலும் கெட்டவன் கையிலும் கொடுத்துப்பார், இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்கிறார் கிளாக்கான். நேர்மை என்பது பலவீனர்கள் வேறு வழியின்றிச் செய்துகொண்ட உடன்பாடு என்பது அவர் முன்வைக்கும் வாதம்.

பிளேட்டோவின் பதில் நூலின் மிச்சம் முழுவதும். மனத்தில் அறிவு, வீறு, ஆசை என்று மூன்று பகுதிகள். அறிவு ஆள, வீறு துணை நிற்க, ஆசை அடங்கியிருப்பதே நேர்மை. உடலுக்கு நலம் எப்படியோ மனத்துக்கு நேர்மை அப்படி. அரசனைக் கொன்ற இடையன் ஊருக்குத் தெரியாமல் தப்பலாம். ஆனால் தன் ஆசைகளுக்கு அடிமையாகி உள்ளுக்குள் குலைந்துபோயிருக்கிறான். இப்பதில் அழகானது. போதுமானதா என்பது வேறு விஷயம். மன ஒழுங்கோடு, நிதானமாக, கலங்காமல் ஊழல் செய்பவர்களை நாம் பார்த்திருக்கிறோமே.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) இந்த வாதத்தில் நேரடியாக இறங்கவில்லை. பிளேட்டோவிடம் இருபது ஆண்டு பயின்றவர். ஆனால் மருத்துவரின் மகன். உயிரினங்களை அறுத்துப் பார்த்து வகைப்படுத்தியவர். அறத்தையும் அதே கண்ணோடு பார்த்தார். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ என்ற பத்துப் பகுதி நூலில் அவர் தொடங்கும் இடம் மனிதர் எதை நாடுகிறார் என்பது. செழித்த, நிறைவான வாழ்வை. பகுத்தறிவுள்ள உயிராகிய மனிதர் தம் இயல்பைச் சிறப்பாக நிறைவேற்றும்போது அது கிடைக்கும். நற்பண்பு பிறவியில் வருவதில்லை. யாழ் வாசித்து வாசித்தே யாழ் கலைஞராவதுபோல், துணிவான செயல்களைச் செய்து செய்தே துணிவுள்ளவராகிறோம். ஒவ்வொரு பண்பும் இரு கோடிகளுக்கு நடுவே நிற்கிறது: கோழைத்தனத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவே துணிவு, கருமித்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவே ஈகை. இது கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் நடுப்புள்ளி அல்ல. சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியான அளவில் கோபப்படுவது எப்படி என்று எந்த விதிநூலும் சொல்லாது. அனுபவத்தில் பழுத்த நடைமுறை அறிவு வேண்டும்.

பத்தில் முழுசாக இரண்டு பகுதிகளை நட்புக்கு ஒதுக்கியிருப்பது இந்த நூலின் தனி அழகு. பின்வந்த அறவியல் நூல்களில் நட்பு கிட்டத்தட்டக் காணாமலே போய்விடுகிறது. ஆனால் செழித்த வாழ்வு யாருக்கு என்று கேட்டால் அரிஸ்டாட்டிலின் வட்டம் குறுகிவிடும். சிலர் இயற்கையாலேயே அடிமைகள் என்று ‘அரசியல்’ நூலில் எழுதினார். பெண்ணின் சிந்திக்கும் திறனுக்கு அதிகாரம் இல்லை என்றார். அக்கால வழக்கம் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. அடிமைமுறை இயற்கைக்கு மாறானது என்று வாதிட்டவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். அவர்களைக் குறிப்பிட்டே அவர் மறுக்கிறார்.

அலெக்சாண்டருக்குப் பிறகு நகர அரசுகள் பேரரசுகளுக்குள் கரைந்தன. ஊரை மாற்றும் அதிகாரம் குடிமகன் கையை விட்டுப் போனபின், மெய்யியல் உள்மன அமைதியைத் தேடியது. எபிகூரஸ் (கி.மு. 341–270) இன்பமே நன்மை என்றார், அவர் சொன்ன இன்பம் விருந்தும் மதுவும் அல்ல, வலியும் கலக்கமும் இல்லாத நிலை. ஏதென்ஸில் அவர் நடத்திய ‘தோட்டம்’ என்ற பள்ளியில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமிருந்தது. மோதிரக் கேள்விக்கு அவர் பதில் எளியது: பிடிபடவில்லை என்றாலும், என்றாவது பிடிபடுவோமோ என்ற அச்சம் தூங்கவிடாது. ஸ்டோயிக்குகள் இன்னும் கறாரானவர்கள். நம் கையில் இருப்பது நம் தீர்மானங்கள் மட்டுமே, செல்வமும் நோயும் சாவும் அல்ல. ஆகவே நற்பண்பு ஒன்றே நன்மை. இந்தப் பள்ளியின் இரு பெரும் பெயர்களில் ஒருவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ், மற்றவர் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ். இன்று நிறுவன மேலாளர்களுக்கான சுயமுன்னேற்ற நூல்களில் ஸ்டோயிக்குகள் திரும்பி வந்திருக்கிறார்கள். எல்லா மனிதரும் ஒரே உலகநகரின் குடிமக்கள் என்ற அவர்களின் கருத்து மட்டும் அந்த நூல்களில் பெரும்பாலும் வருவதில்லை.

கடவுள் பார்க்கிறார்

கிறித்தவம் பரவியபோது கிளாக்கானின் கேள்வி ஒருவகையில் செல்லாததாயிற்று. எல்லாம் காணும் கடவுளிடம் எந்த மோதிரமும் பலிக்காது. ஆனால் வேறொரு கேள்வி முளைத்தது: நல்லது தெரிந்தும் மனிதர் ஏன் கெட்டதைச் செய்கிறார்? இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அகஸ்டின் (354–430) தம் தன்வரலாற்றில் 16 வயதில் செய்த ஒரு திருட்டை விவரிக்கிறார். இரவில் நண்பர்களோடு போய் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளி வந்தார்கள். பசியில்லை, வீட்டில் அதைவிட நல்ல காய்கள் இருந்தன, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசினார்கள். தவறு என்று தெரிந்ததாலேயே அது இனித்தது. தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்கிறார். கொலைகளையும் கொள்ளைகளையும் விட்டுவிட்டு இந்தப் பேரிக்காயில் அவர் பக்கம் பக்கமாக நிற்பதைச் சிலர் மிகை என்பார்கள். சாக்ரடீஸுக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பை நான் படித்ததில்லை. குற்றம் அறிவில் இல்லை, விருப்பத்தில் இருக்கிறது என்பதை அகஸ்டின் ஒரு மரத்தடியில் காட்டிவிட்டார்.

அரிஸ்டாட்டிலின் நூல்கள் அரபு அறிஞர்களின் உரைகளோடு 12, 13ஆம் நூற்றாண்டுகளில் லத்தீனுக்கு வந்தன. தாமஸ் அக்குவினாஸ் (சு. 1225–1274) அவற்றைக் கிறித்தவ இறையியலோடு பொருத்தி, கடவுளின் திட்டத்தை மனிதர் தம் பகுத்தறிவால் அறியக்கூடிய ‘இயற்கைச் சட்டம்’ என்ற கருத்தை விரித்தார். தற்காப்பின்போது எதிரி இறந்தால் அது நோக்கமா, பக்கவிளைவா என்று அவர் பிரித்த பிரிவு, எழுநூறு ஆண்டு கழித்து மருத்துவ அறவியலிலும் போர்ச்சட்டத்திலும் வேலை செய்கிறது.

கடவுளை ஒதுக்கி வைத்துவிட்டு

சமயப் போர்கள் ஐரோப்பாவைச் சீரழித்த பிறகு, எல்லாத் தரப்பும் ஒப்பக்கூடிய அறத்துக்கு வேறு அடித்தளம் தேவைப்பட்டது. ஆங்கில உள்நாட்டுப் போர் மூளும் முன்பே பாரிஸுக்கு ஓடிப்போன தாமஸ் ஹாப்ஸ் (1588–1679) ‘லெவியதான்’ (1651) நூலில் அச்சத்தையே அடித்தளமாக்கினார். ஆட்சி இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் பகை. எனவே உயிருக்கு அஞ்சிய மனிதர் ஒப்பந்தம் செய்து, அதைக் காக்கும் வாளை ஓர் ஆட்சியாளர் கையில் கொடுக்கிறார்கள். நூலின் 15ஆம் அத்தியாயத்தில் ‘மூடன்’ ஒருவன் வந்து, ஆதாயம் இருந்தால் ஒப்பந்தத்தை மீறினால் என்ன என்று கேட்கிறான். மீறுபவன் பிடிபடமாட்டான் என்று நம்பி இறங்க முடியாது, பிடிபட்டால் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது ஹாப்ஸின் பதில். புத்திசாலித்தனமான பதில், ஆனால் பிடிபடவே வழியில்லாதவனைப் பற்றி அது வாய்திறக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் (1711–1776) வேறு திசையில் போனார். காரணம் காட்டும் அறிவு தனியாக நின்று யாரையும் எதையும் செய்ய வைப்பதில்லை. அது உணர்ச்சிகளுக்கு வழிகாட்டும் ஏவலாள். பிறர் வலியைக் கண்டால் நமக்குள்ளும் அதிர்வு ஏற்படுகிறது; அறத்தின் ஊற்று அந்தப் பரிவு. உலகம் எப்படி இருக்கிறது என்று விவரித்துக்கொண்டே வரும் நூலாசிரியர்கள் திடீரென்று எப்படி இருக்க வேண்டும் என்று பேசத் தொடங்குவதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ அவர்கள் காரணம் சொல்லாததையும் முதல் நூலில் (1739–40) சுட்டிக்காட்டினார். அந்தச் சின்னப் பத்தி இருபதாம் நூற்றாண்டு அறவியலின் பாதிச் சண்டைக்கு விதை. 1751இல் வந்த அறவியல் நூலின் முடிவில் அவரும் கிளாக்கானைச் சந்திக்கிறார். பொதுவாக நேர்மையாக இருந்துகொண்டு, ஆபத்தில்லாத வாய்ப்பு வந்தால் மட்டும் ஏமாற்றும் ‘விவரமான அயோக்கியனுக்கு’ என்ன சொல்வது? அவன் நெஞ்சே அதை வெறுக்கவில்லை என்றால், எந்த வாதமும் அவனைத் திருத்தாது என்று ஹியூம் ஒப்புக்கொண்டுவிடுகிறார். இவ்வளவு நேர்மையான தோல்வி இந்த வரலாற்றில் குறைவு.

காண்ட்

பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்து அங்கேயே மறைந்த இம்மானுவேல் காண்ட் (1724–1804), ஹியூமின் முடிவை ஏற்கவில்லை. அறம் உணர்ச்சியைச் சார்ந்தது என்றால் உணர்ச்சி இல்லாதவருக்கு அது கட்டாயமில்லை என்றாகிவிடும். அவர் நடை மிகக் கடினம். ஆனால் 1785இல் வெளியான சிறு நூலில் அவர் தரும் எடுத்துக்காட்டு எந்தக் கடைத்தெருவிலும் விளங்கும். ஒரு கடைக்காரர் விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் அதே விலைக்கே விற்கிறார். ஏன்? நல்ல பெயர் இருந்தால் வியாபாரம் பெருகும் என்பதற்காகவா? அப்படியானால் செயல் சரி, ஆனால் அதில் அறத்தின் மதிப்பு இல்லை. ஏமாற்றக்கூடாது என்பதற்காகவே ஏமாற்றாமல் இருந்தால்தான் அது அறச்செயல். ஹாப்ஸின் மூடனையும் ஹியூமின் அயோக்கியனையும் இந்தக் கடைக்காரரின் கல்லாவுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தால் காண்ட் எங்கே பிரிகிறார் என்பது தெரியும்.

அவர் தரும் சோதனை இது. நீ எந்த நெறிப்படி நடக்கிறாயோ அதை எல்லோரும் பின்பற்றும் சட்டமாக்க உன்னால் முரணின்றி விரும்ப முடியுமா? திருப்பித்தர எண்ணமில்லாமல் வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குகிறவர் தம் வழியை எல்லோருக்கும் சட்டமாக்கினால், வாக்கை நம்பிக் கடன் கொடுக்க ஆளே இருக்காது, பொய்வாக்கும் பலிக்காது. அதாவது, அவர் தமக்கு மட்டும் விலக்குக் கேட்கிறார். இதே கட்டளையின் இன்னொரு வடிவம் மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்பது. இந்த மதிப்புணர்வு தமக்கு மெய்யியலாளர் ரூசோவைப் படித்துத்தான் வந்தது என்று காண்ட் குறித்து வைத்திருக்கிறார். அதற்குமுன் கல்லாத பொதுமக்களைத் தாம் இளக்காரமாக எண்ணியதாகவும் எழுதினார். இன்றைய மனித உரிமைப் பேச்சில் வரும் மனித மாண்பு என்ற கருத்துக்கு இவரிடம் பெருங்கடன் இருக்கிறது.

பிடிவாதமும் அவருடையதுதான். 1797இல், கொலைகாரன் வந்து உன் நண்பன் வீட்டுக்குள் இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்தானுக்குப் பதில் எழுதினார். அவரைப் போற்றுபவர்களும் இக்கட்டுரையைக் கண்டால் நெளிவார்கள்.

அந்த ரூசோவே பெண் கல்வியைப் பற்றி எழுதியபோது ஆணுக்கு மகிழ்ச்சி தருவதைப் பெண்ணின் அறமாக்கினார். அதை 1792இல் ‘பெண்ணுரிமைகளின் நியாயம்’ நூலில் தகர்த்தவர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட். பகுத்தறிவிலிருந்து அறம் பிறக்கிறது என்றால் ஆணுக்கு ஓர் அறம், பெண்ணுக்கு ஓர் அறம் இருக்க முடியாது என்ற அவர் வாதத்துக்கு அன்றைய மெய்யியலாளர்கள் முறையான பதில் தரவில்லை.

பயன்வாதம்

ஜெரமி பெந்தாம் (1748–1832) சட்டம் படித்தவர். சிறையிலிருந்து வரிமுறை வரை எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் திருத்த விரும்பினார்: எச்செயல் மொத்தத்தில் இன்பத்தைக் கூட்டி வலியைக் குறைக்கிறதோ அதுவே சரி. 1789இல் வெளியான நூலில் இன்பத்தை அளக்க வழிமுறைகளையும் வகுத்தார். எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், எவ்வளவு உறுதி, எத்தனை பேருக்கு. கணக்குப்பிள்ளையின் அறம் என்று கேலி செய்வது எளிது. ஆனால் அந்தக் கணக்கில் எல்லோரும் ஒரே எடை; அரசருக்கும் கைதிக்கும் வேறுபாடில்லை. விலங்குகளைப் பற்றி ஓர் அடிக்குறிப்பில், அவை சிந்திக்குமா பேசுமா என்பதல்ல, வலியை உணருமா என்பதே கேள்வி என்றார். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் சட்டத்தில் யாருக்கும் பயனில்லை என்று 1785 வாக்கில் எழுதி, அச்சத்தால் வெளியிடாமல் வைத்திருந்தார். அது 1978இல்தான் அச்சேறியது. இறந்தபின்னும் பயன்பட வேண்டும் என்று உடலை அறுத்துப் பயிலக் கொடுத்தார்; அவர் உயிலின்படி எலும்புக்கூட்டுக்கு அவர் உடைகளையே உடுத்தி மெழுகுத் தலை பொருத்திய உருவம் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

பெந்தாமின் கொள்கைப்படியே வளர்க்கப்பட்டவர் ஜான் ஸ்டூவர்ட் மில் (1806–1873). மூன்று வயதில் கிரேக்கம் படித்தார். இருபது வயதில் மனம் உடைந்தார். தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் எல்லாம் இன்றே நிறைவேறினால் மகிழ்வேனா என்று தம்மைக் கேட்டபோது, இல்லை என்ற பதில் வந்ததாக எழுதியிருக்கிறார். கவிதை அவரை மீட்டது. அந்தத் தழும்பு ‘பயன்வாதம்’ (1861) கட்டுரையில் தெரிகிறது: இன்பங்களில் தரம் உண்டு, அளவு மட்டும் போதாது என்றார். ‘சுதந்திரம் பற்றி’ (1859), பெண்கள் அடிமைப்பட்டிருப்பதை எதிர்த்த 1869 நூல் இரண்டும் அவர் பெயரை இன்றும் தாங்குகின்றன.

இந்திய வாசகர் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மில் 1823 முதல் 1858 வரை 35 ஆண்டு லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். இந்தியாவுக்குப் போன நிர்வாகக் கடிதங்களை வரைந்தவர். இந்தியாவை ஒருமுறையும் பார்க்காதவர். பிறருக்குத் தீங்கு செய்யாதவரை எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற அவருடைய புகழ்பெற்ற நெறிக்கு அவரே விலக்கு எழுதினார். இன்னும் பக்குவப்படாத சமூகங்களுக்கு அது பொருந்தாது. அவர்களை மேம்படுத்துவதே நோக்கமானால் கொடுங்கோன்மையும் முறையான ஆட்சியே. எல்லோரும் ஒரே எடை என்ற கணக்கில் கோடிக்கணக்கானவர்கள் வேறு பேரேட்டுக்கு மாற்றப்பட்ட இடம் இது.

பயன்வாதிகளில் மிகக் கவனமானவர் கேம்பிரிட்ஜின் ஹென்றி சிட்ஜ்விக் (1838–1900). சமய உறுதிமொழியில் நம்பிக்கை போனதும் 1869இல் கல்லூரிப் பதவியைத் துறந்தவர். ‘அறவியல் முறைகள்’ (1874) நூலில் பொதுநலத்தை நாடு என்பதும் தன்னலத்தை நாடு என்பதும் அறிவுக்குச் சம அளவில் பொருந்துகின்றன, இரண்டும் மோதினால் தீர்க்க வழியில்லை என்ற முடிவுக்கு வந்தார். முதல் பதிப்பு ‘தோல்வி’ என்ற சொல்லோடு முடிந்தது. பிற்பதிப்புகளில் அதை மாற்றினார். மறுமை உண்டு என்று நிரூபணமானால் இந்த முரண் தீரும் அல்லவா? ஆவிகள் பற்றிய செய்திகளை அறிவியல் முறையில் சோதிக்க 1882இல் தொடங்கிய சங்கத்துக்கு முதல் தலைவர் அவர்தான். பலர் இதை ஒரு பேராசிரியரின் விசித்திரப் பழக்கம் என்று ஒதுக்குகிறார்கள். கிளாக்கானுக்குப் பதில் தேடி ஒருவர் எவ்வளவு தூரம் போகத் தயாராக இருந்தார் என்பதாகவே எனக்குப் படுகிறது.

ஃப்ரீட்ரிக் நீட்சே (1844–1900) வழக்கையே தள்ளுபடி செய்யச் சொன்னார். ‘அறத்தின் வம்சாவளி’ (1887) நூலில், பணிவும் இரக்கமும் எப்படி நற்பண்புகளாயின என்று வரலாறு கேட்டார். வலியவரை எதிர்க்க முடியாதவர்கள் தம் இயலாமையையே நன்மை என்று பெயரிட்டுப் பழிதீர்த்துக்கொண்டார்கள் என்பது அவர் விடை. வரலாறாக இது தாங்காது. ஆனால் நல்லவர்போல் பேசும் ஒருவரின் உள்ளே எந்தப் பகை வேலை செய்கிறது என்று பார்க்கும் கண்ணை அவருக்குப் பிறகு யாரும் மூடமுடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டு

நூற்றாண்டு தொடங்கியபோது ஆங்கிலம் பேசும் பல்கலைக்கழகங்கள் எப்படி வாழ்வது என்று கேட்பதை நிறுத்தி, அறக்கூற்றுகளின் தன்மையை ஆராய்ந்தன. ஜி. ஈ. மூர் 1903இல் நன்மையை வேறெதாலும் வரையறுக்க முடியாது என்றார். 1936இல் 25 வயது ஏ. ஜே. அயர், திருடுவது தவறு என்பது செய்தியே அல்ல, வெறும் வெறுப்பின் வெளிப்பாடு என்றார். பிறகு போர் வந்தது, வதைமுகாம்களின் படங்கள் வந்தன. அவற்றைப் பார்த்தபின் அயரின் கொள்கையோடு சமாதானமாக இருக்க முடியவில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிலிப்பா ஃபுட் (1920–2010) பின்னாளில் சொன்னார்.

1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் விசாரிக்கப்பட்டார். லட்சக்கணக்கான யூதர்களை ரயிலேற்றிச் சாவுக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கவனித்தவர். தாம் வாழ்நாளெல்லாம் காண்டின் கொள்கைப்படி நடந்ததாக அவர் விசாரணையில் சொல்லியிருந்தார். நீதிபதி ஒருவர் விளக்கச் சொன்னபோது காண்டின் கட்டளையை ஏறக்குறையச் சரியாகவே சொன்னார். யூத அழிப்பு வேலை தம்மிடம் வந்தபின் அதன்படி வாழ முடியவில்லை, ஏனென்றால் தாம் தம் செயல்களுக்கு எசமானர் அல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். வழக்கைப் பார்த்து எழுதிய ஹன்னா அரெண்ட் (1906–1975), இவர் அரக்கர் அல்ல, சிந்திக்க மறுத்தவர் என்றார். அர்ஜென்டினாவில் ஐக்மன் பதிவு செய்த பேச்சுகளை ஆராய்ந்தவர்கள், அவர் கொள்கை வெறியர்தான், நீதிமன்றத்தில் அப்பாவி எழுத்தர் வேடம் போட்டார் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அரெண்டின் நூல் (1963) ஒரு பழைய அனுமானத்தை உடைத்தது. கிளாக்கான் முதல் சிட்ஜ்விக் வரை தீமை மறைவைத் தேடும் என்றே எண்ணினார்கள். இங்கே எல்லாம் கோப்பிலும் கையெழுத்திலும் நடந்தது; யாருக்கும் மோதிரம் தேவைப்படவில்லை.

வென்றவர்களையும் விடாதவர் எலிசபெத் ஆன்ஸ்கம் (1919–2001). 1956இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ட்ரூமனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் தரத் தீர்மானித்தபோது, ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அப்பாவிகளைக் கொன்று அதை வெற்றிக்குக் கருவியாக்கியவருக்குப் பட்டமா என்று எழுந்து பேசினார். அவரோடு நின்றவர்கள் மிகச் சிலர். பட்டம் வழங்கப்பட்டது. 1958 கட்டுரையில் அவர் இன்னும் அடியில் வெட்டினார்: கட்டளையிடும் கடவுளை எடுத்துவிட்டுக் ‘கடமை’ என்ற சொல்லை மட்டும் வைத்திருப்பது பொருளற்றது, அரிஸ்டாட்டிலிடம் திரும்புங்கள். நற்பண்பு அறவியலின் மறுபிறப்பு அதிலிருந்து தொடங்குகிறது. அலஸ்டெர் மக்கின்டயரின் ‘நற்பண்புக்குப் பின்’ (1981) அதைப் பரவலாக்கியது.

ஃபுட்டின் பெயர் இன்று ஒரு டிராம் வண்டியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டுக்கடங்காமல் ஓடும் வண்டியின் ஓட்டுநர் ஐவரைக் கொல்வதா, தடம் மாற்றி ஒருவரைக் கொல்வதா என்ற புதிரை 1967இல் கருக்கலைப்புப் பற்றிய கட்டுரையில் எழுதினார். தீங்கு செய்வதும் தீங்கை நேரவிடுவதும் ஒன்றா என்று பிரித்துப் பார்க்கவே அது. இணையக் கேலிப்படங்களும் ஓட்டுநரில்லாக் கார் விவாதங்களும் புதிரை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டன. அவருடைய உண்மையான வாழ்நாள் வேலை நம் பழைய வழக்கில்தான். 1958இல் நேர்மை அதை உடையவருக்கு நன்மை தருவதால்தான் அது நற்பண்பு என்றார். 1972இல் அதைக் கைவிட்டு, அறத்தில் அக்கறை இல்லாதவருக்கு அதைப் பின்பற்றக் காரணம் இல்லாமலே போகலாம் என்றார். 2001இல், எண்பது வயதில், மூன்றாவது முறையாக மாறி, வேர் ஆழமாக ஓடாத மரம் மரமாகக் குறையுள்ளது போல் நேர்மையற்ற மனிதர் மனிதராகக் குறையுள்ளவர் என்றார்.

ஜான் ரால்ஸ் (1921–2002) பசிபிக் போர்முனையில் சிப்பாயாக இருந்தவர். ‘நீதிக் கோட்பாடு’ (1971) நூலில் ஒப்பந்தக் கருத்தைப் புதுப்பித்தார். பிறக்கப்போகும் சமூகத்தில் நாம் ஏழையா, பணக்காரரா, எந்த இனம், எந்தச் சமயம் என்று எதுவும் தெரியாமல் அதன் விதிகளை வகுக்கச் சொன்னால் எதை ஏற்போம்? எல்லோருக்கும் சமமான அடிப்படைச் சுதந்திரங்கள். ஏற்றத்தாழ்வு இருந்தால் அது கடைநிலையில் இருப்பவருக்கு நன்மை தர வேண்டும். அதே ஆண்டில் கிழக்கு வங்கத்திலிருந்து லட்சோபலட்சம் அகதிகள் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த 25 வயது ஆஸ்திரேலியர் பீட்டர் சிங்கர் அதைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்ற உடை நனையும் என்று தயங்குபவரை மன்னிக்க மாட்டோம். தூரத்தில் பட்டினியில் சாகும் குழந்தைக்கு மட்டும் ஏன் வேறு நீதி? ரால்ஸின் நூல் ஒரு நாட்டின் எல்லைக்குள் நீதி பேசியது. சிங்கரின் சில பக்கங்களுக்கு எல்லையே இல்லை. அவ்வளவு கோரினால் தம் பிள்ளைக்கும் நண்பருக்கும் என்ன மிஞ்சும் என்று பெர்னார்ட் வில்லியம்ஸ் போன்றவர்கள் பயன்வாதத்தையே எதிர்த்தார்கள். பொதுவிதிகளைப் பேசும் ஆண்களின் அறவியல், ஒருவரையொருவர் பேணும் உறவுகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்று உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் எழுதினார்.

இப்போது விவாதம் பிறக்காதவர்களிடம் வந்து நிற்கிறது. டெரக் பார்ஃபிட் (1942–2017) 1984இல் ஒரு சிக்கலைக் காட்டினார். இயற்கை வளங்களை இன்றே தீர்த்துவிடும் கொள்கையை ஓர் அரசு எடுக்கிறது. அக்கொள்கை மக்கள் எங்கே வேலை பார்ப்பார்கள், யாரை எப்போது மணப்பார்கள் என்பதையும் மாற்றும். ஆகவே இருநூறு ஆண்டு கழித்துப் பிறப்பவர்கள் வேறு ஆட்கள். கொள்கை வேறாக இருந்திருந்தால் அவர்கள் பிறந்தே இருக்க மாட்டார்கள். அப்படியானால் அது யாருக்குத் தீங்கு செய்தது? தீங்கு என்றால் குறிப்பிட்ட ஒருவரின் நிலையைக் கெடுப்பது என்று கொள்ளும் எந்தக் கோட்பாடும் இங்கே தடுமாறும். இதைத் தீர்க்கும் கோட்பாட்டுக்கு ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்துத் தேடினார் பார்ஃபிட். தமக்கு அது கிடைக்கவில்லை என்று அந்த நூலிலேயே எழுதினார். பருவநிலை மாற்றம் குறித்து எழுதும் மெய்யியலாளர்கள் அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.